தூக்க மாத்திரையும் வண்டிச் சாவியும்

நம் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறதே, அது எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்டுவிடுகிறீர்கள். ஒருவர் அதில் சில்லறையைப் போட்டு வைத்தார். இன்னொருவர் பேனா, ரப்பர் பேண்டு, கத்தரிக்கோல் என்று சகலத்தையும் அதில் குவித்தார். போன மாதம் சேர்ந்த பெண் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி உள்ளே டீ டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்ற பிறகு கடை விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தட்டு உள்ளே போய்விட்டது என்று கேட்டதும் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற இந்த ஸ்ரீராம்புரத்தில், இந்த ஒரே மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக என் ஆயுளில் பாதியைக் கழித்தவள் நான். டோஸ் எவ்வளவு, எந்த மருந்து எந்த மருந்தோடு சேராது, எதற்குச் சீட்டு கட்டாயம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். புதிதாகப் படித்தவர்கள் நீங்கள். நான் படித்ததில் பாதி இப்போது மாறிவிட்டது. அதைச் சொல்லித்தர நான் வரவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் இங்கிருந்து எங்கே போகப் போகிறார் என்று யோசிப்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தூக்க மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வந்தால் புதியவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் அவரைத் திருடனைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்ப்பார்கள். சிலர் காய்ச்சல் மாத்திரையைப் போல நறுக்கிக் கவரில் போட்டு நீட்டிவிடுவார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. அந்த மாத்திரையின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சாவு வீட்டுக்குப் பிறகு கண் மூட முடியாமல் தவித்த பெண்களை அது சில நாட்களுக்குத் தாங்கிப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் பார்த்து எழுதி, எழுதியபடி சாப்பிட்டு, எழுதிய நாட்களோடு நிறுத்தினால் அது நல்ல மாத்திரை. என் கோபமெல்லாம் அதைக் கறிவேப்பிலை மாதிரி பக்கத்து வீட்டுக்குக் கிள்ளிக் கொடுக்கிறவர்கள் மேல்தான். நம் சந்துகளில் அது நடக்கும். "எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும், பாதி போட்டுப் பாரு" என்பார்கள். இங்கே பாசம் காட்டுகிற விதங்களில் அதுவும் ஒன்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, தட்டின் கதைக்கு வருகிறேன்.

வேலு என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். கடைக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் வீடு. மனைவி செல்வி, பள்ளிக்குப் போகிற ஒரு மகள். வேலு ஐ.டி. கம்பெனி ஆட்களை இரவில் ஏற்றி இறக்குகிற கேப் ஓட்டிக்கொண்டிருந்தான். கேப் அவனுடையதல்ல, டிராவல்ஸ்காரர்களுடையது. ஊரெல்லாம் எழுந்து பல் தேய்க்கிற நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்து படுப்பான். வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே தகரம். அந்தச் சந்தில் பகலில் தூங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குக்கர் விசில், தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டு டி.வி., எதிர் வீட்டுச் சண்டை. தூக்கம் கெட்டுக் கண்ணெல்லாம் சிவந்து, எரிச்சலும் கோபமுமாகக் கடைசியில் டாக்டரிடம் போனான்.

அந்த டாக்டர் அம்மாவின் கிளினிக் நமக்கு எதிர்ப்புறம்தான். அவர் கொஞ்ச நாளைக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். படுக்கையை விரித்து, படுக்கத் தயாரான பிறகு போடு. முழுத் தூக்கத்துக்கு நேரம் இருந்தால் மட்டும் போடு. போட்ட பிறகு வண்டிப் பக்கம் போகாதே. குடிக்காதே. தூக்கம் வரவில்லை என்று இன்னொன்று போடாதே. அவன் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினான். ஒரு கையில் சாவி, அதைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பாதிக் காது என்னிடம், பாதிக் காது வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவனிடம்.

அதற்குப் பிறகு அவன் மாத்திரைக்கு என்னிடம் வரவில்லை. சரியாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கக் காரணமும் இருந்தது, ஆள் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தான்.

ஆடி மாதம் வந்தது. நம் பக்கத்தில் ஆடி என்றால் என்ன என்று வெளியூரிலிருந்து வந்திருக்கிற உங்களில் சிலருக்கு இந்த வருடம்தான் தெரிந்திருக்கும். அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையே ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். பக்கத்துத் தள்ளுவண்டியில் வாங்கி வந்த இரண்டு மசால்வடை ஒரு எவர்சில்வர் தட்டில் கல்லாப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குத் தின்ன நேரமில்லை. முதலாளி ஓரமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலு வந்தான். வாசலில் கேப்பை நிறுத்தியிருந்தான். பின் சீட்டில் ஒரு பெண், மடியில் லேப்டாப் பையோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தூக்கத்த அடிச்சி வெரட்டுறதுக்கு ஒரு மாத்திரை குடுக்கா. சீக்கிரம், மேடம் வெயிட்டிங்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். நாக்கு தடித்த மாதிரி பேச்சு. இமை பாதிக்கு மேல் ஏற மறுத்தது. போனைக் கவுண்டர்மேல் வைக்கப் போனவன் விளிம்பில் வைத்து, அது சரிய, இரண்டாவது முறை பிடித்து உள்ளே தள்ளினான். போனுக்குப் பக்கத்தில் கார் சாவியை வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் துழாவினான்.

"வேலு, இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டேங்கா. காலைல போட்டேன். எங்க தூங்க வுட்டானுங்க? ஸ்பீக்கர நம்ம ஜன்னலாண்டயே கட்டி வெச்சிக்கிறானுங்க. பொரண்டு பொரண்டு பாத்தேன். அப்பறம் மத்தியானம் இன்னொண்ணு போட்டேன். அப்பதான் கண்ணு சொக்கிச்சு, சூப்பர்வைசர் போன் பண்ணான். பகல் டிரைவர் வரல, நீ வந்து வண்டிய எட்றான்னான். நான் இன்னா பண்றது?"

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்குள்ளேயே எல்லாம் இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்ட மாத்திரை அவன் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இனி ரிங் ரோடு. வெள்ளிக்கிழமை சாயங்கால டிராஃபிக். பின் சீட்டில் ஒருத்தி, வழியில் இன்னும் இரண்டு பேர் ஏறுவார்கள்.

அந்த இடத்தில் உங்களில் பல பேர் அறிவுரை சொல்ல ஆரம்பித்திருப்பீர்கள். இல்லையென்றால், "வேலு, உன்னால் ஓட்ட முடியுமா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்காதீர்கள். அந்த மாத்திரை முதலில் மழுக்குவது, நான் மழுங்கியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்கிற அந்த அறிவைத்தான். முடியும் என்றுதான் சொல்வான். பொய் சொல்ல மாட்டான், நம்பிச் சொல்வான். டீ, காபி, முகத்தில் தண்ணீர், தூக்கம் விரட்டுகிற வேறு ஏதாவது என்று எதைக் கொடுத்தாலும் கண் கொஞ்சம் திறக்கலாம். கை, கால், கணக்கு ஒன்றும் திரும்பி வராது.

நான் எதுவும் கேட்கவில்லை. வடைத் தட்டை எடுத்தேன். வடை இரண்டும் கவுண்டர்மேல் உருண்டன. தட்டைக் கார் சாவியின்மேல் கவிழ்த்து அதன்மேல் என் கையை அழுத்தி வைத்தேன்.

அவனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவே எனக்குப் போதுமான சாட்சி.

"இன்னாக்கா வெளையாடுறியா? சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன். நீ இன்னைக்கு வண்டி எடுக்கப் போறதில்ல."

"நான் நல்லாத்தான்கீறேன். குடுக்கா. டிரிப் கேன்சல் ஆனா என் டிரைவர் ஐ.டி.ய பிளாக் பண்ணிடுவானுங்க."

குரல் உயர்ந்தது. கூட்டம் வேடிக்கை பார்த்தது. அவன் சாவி, அவன் பொழைப்பு, உனக்கென்ன என்று ஒருவர் நியாயம் பேசினார். முதலாளி எழுந்து வந்து என் காதோரம், "எதுக்கும்மா நமக்கு ஊர் வம்பு? குடுத்துடுங்க" என்றார். சட்டப்படி பார்த்தால் ஒருவன் சாவியைப் பிடித்து வைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்புகிற ஆளாக என்னால் இருக்க முடியாது. கையை எடுக்கவில்லை.

அதற்குள் காரிலிருந்த பெண் இறங்கி வந்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. "அண்ணா, எனக்கு லாகின் டைம் ஆகுது. ஏன் லேட்டு?"

வேலு என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் போய், கெஞ்சுகிற பார்வை. குரலைத் தாழ்த்தி, "அக்கா, பஞ்சர்னு சொல்லிடுக்கா. உன் கால்ல வேணா வுழறேன். பஞ்சர்னு சொன்னா வேற கேப் அனுப்பிடுவான்" என்றான்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு சின்னப் பொய், எல்லோரும் தப்பித்துவிடலாம். ஆனால் பஞ்சர் என்றால் என்ன ஆகும்? அரைமணி நேரம். அதற்குப் பிறகு சூப்பர்வைசர், பஞ்சர் ஒட்டியாச்சா, அடுத்த டிரிப்புக்கு வா என்பான். இவனும் போவான். மாத்திரையோ ராத்திரி வரை உடம்பில் இருக்கும். அரைமணி நேரத்துக்கு உதவுகிற பொய் எனக்குத் தேவையில்லை. அவன் அன்று முழுக்க ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "இவரு இன்னைக்கு வண்டி ஓட்டுற நெலமைல இல்லம்மா. குடிக்கல, அதுக்கு நான் கேரண்டி. நீ வேற வண்டி பாத்துக்க."

என்ன மருந்து, எதற்காக என்று நான் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். ஒருவருடைய மாத்திரை அவருடைய சொந்த விஷயம். ஆபத்தைச் சொல்ல நமக்குக் கடமை உண்டு. வியாதியை ஊருக்குச் சொல்ல உரிமை இல்லை. அந்தக் கோட்டை அவசரத்திலும் தாண்டக் கூடாது.

சூப்பர்வைசரிடம் வேலுவையே பேச வைத்தேன். "மாத்திரை போட்டுட்டேன் சார், ஓட்ட முடியாது" என்று அவன் கன்னடத்தில் சொன்னதும், குடித்திருக்கிறாயா என்று போனில் ஒரே கத்தல். போனை நான் வாங்கினேன். நான் மருந்துக் கடை பார்மசிஸ்ட், இவர் குடிக்கவில்லை, ஓய்வு நேரத்தில் இருந்தவரை நீங்கள்தான் திடீரென்று கூப்பிட்டிருக்கிறீர்கள், இப்போது ஓட்டச் சொன்னால் அதற்கு நீங்களும் பொறுப்பு என்று கன்னடத்திலேயே அழுத்தமாகச் சொன்னேன். அத்தோடு கத்தல் நின்றது. பிறகு வேறு கேப் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அந்தப் பெண் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னிடம், "சாரி ஆன்ட்டி. நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். நாளைக்கு இதே வண்டில வேற யாராச்சும் ஏறுவாங்க இல்ல?" என்றாள்.

"பண்ணும்மா. குடிச்சிருந்தாருன்னு மட்டும் எழுதிடாத" என்றேன்.

அவள் செய்தது சரி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அந்த ரிப்போர்ட்டால் வேலுவின் வேலை போனது. மறுநாளே அவன் ஐ.டி.யை பிளாக் செய்துவிட்டார்கள். அன்று ஆள் அனுப்பிச் செல்வியை வரவழைத்து, சாவியை அவளிடம்தான் கொடுத்தேன். அவள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் திரும்பி, "என் பொழப்புல மண்ண வாரிப் போட்டுட்டியேக்கா" என்றான். கூட்டம் கலைந்தது. வடையை யாரோ மிதித்துவிட்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்பீர்கள், அன்று எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லையா என்று. வருத்தம் இருந்தது. நிறையவே இருந்தது. ஒரு குடும்பத்தின் அடுப்பு அது. ஆனால் வருத்தம் வேறு, குற்ற உணர்ச்சி வேறு. சரியான காரியத்தைச் செய்துவிட்டு அதற்காக வருந்துவதும் நம் வேலையில் ஒரு பகுதி. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் கவுண்டரில் ரொம்ப நாள் நிற்க முடியாது.

அதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

சில நாள் கழித்து, கடை காலியாக இருந்த ஒரு மத்தியானம், செல்வி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அவரு கோவத்துல மாத்திரையெல்லாம் சாக்கடைல கொட்டிட்டாரு. இனிமே இந்தச் சனியன தொட மாட்டேன்னாரு. நானும் நல்லதுக்குத்தான்னு பேசாம இருந்துட்டேன். அன்னைலேர்ந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. கை கால் நடுங்குது. வேர்த்து ஊத்துது. சின்ன சத்தத்துக்கெல்லாம் திடுக்குனு எழுந்திரிக்கிறாரு. பாப்பாவ அடிக்கப் போறாரு. எனக்கு பயமாக்குதுக்கா."

கொட்டினானா? கொட்டுவதற்கு அவனிடம் மாத்திரை ஏது? நான் கொடுத்தது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். கேட்டேன். சிவாஜிநகர், மெஜஸ்டிக் என்று போகிற இடத்திலெல்லாம் அந்தப் பழைய சீட்டைக் காட்டி வாங்கியிருக்கிறான். மாதக் கணக்கில். ஆள் தெளிவாக இருக்கிறான் என்று நான் நினைத்த நாட்களிலெல்லாம் அந்த மாத்திரை அவனுக்குப் பழகிப் பழகி, ஒன்று போதாத நிலைக்கு வந்திருக்கிறது.

"ஒரு அட்டை குடுங்கக்கா" என்றாள் செல்வி. "உங்க கையால குடுத்தா போதும். நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த இடம்தான் எனக்குத் தட்டைக் கவிழ்த்ததைவிடக் கஷ்டமான இடம். அவனுக்கு அப்போது அந்த மாத்திரை தேவை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ரொம்ப நாள் பழகிய உடம்பில் அதை ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம் மட்டுமல்ல, வலிப்புகூட வரலாம். ஷெல்ஃப் என் முதுகுக்குப் பின்னால். கேட்கிறவள் யாருடைய வேலையை நான் போக்கினேனோ அவன் மனைவி. இரண்டு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தால் அவளும் கையெடுத்துக் கும்பிடுவாள், என் மனதும் கொஞ்சம் லேசாகும்.

கொடுக்கவில்லை. என் மனது லேசாவதற்காக மருந்து கொடுக்கக் கூடாது. எவ்வளவு கொடுப்பது, எப்படிக் குறைப்பது என்பது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால், பழைய சீட்டைப் பார்த்துக் கொடுத்த அந்தக் கடைக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் "சீட்டு இல்லாம தர முடியாது" என்று சொல்லிவிட்டு அவளை அனுப்பியிருந்தால் அதுவும் பாவம்தான். உடனே எதிர்க் கிளினிக் டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு நேரம், வீட்டிலிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நான் கிளம்பி வர்றேன்" என்றார்.

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் செல்வி.

"என் மொகத்தப் பாத்தா அவன் படி ஏற மாட்டான். நீயே கூட்டிட்டுப் போ. வழில வலிப்பு கிலிப்பு வந்தா, இல்ல, ஆளு தாறுமாறா பேசுனா, கிளினிக்குக்கெல்லாம் போகாத. நேரா பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ புடி."

அவன் வந்தான். கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டேன். செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நம் கடைப் பக்கம் திரும்பாமல், கிளினிக் படி ஏறினான். 

டாக்டர் அம்மா திரும்பவும் மாத்திரையை ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிற மாதிரி எழுதினார். மாத்திரை செல்வியிடம்தான் இருக்க வேண்டும், படுக்கைப் பக்கம் வைக்கக் கூடாது என்றார். அரைத்தூக்கத்தில் போட்டது மறந்து இன்னொன்று போடுகிறவர்கள் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மத்தியானத்துக்கு மேல் டீ கிடையாது. குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று செல்வியைத் துருவித் துருவிக் கேட்டாராம். அப்படி இருந்தால் இந்த மாத்திரையே ஆபத்து. செல்வி வாரா வாரம் வந்து என்னிடம் வாங்கிப் போனாள். வேலு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவான். போகட்டும் என்று விட்டேன். அவன் தூங்குகிறானா என்பதுதான் எனக்கு முக்கியம், வணக்கம் சொல்கிறானா என்பது அல்ல.

தசரா நெருங்கிய ஒரு சாயங்காலம். நான் அதே தட்டில் வாழைப்பழம் வைத்திருந்தேன். ஒரு கை நீண்டு வந்து தட்டில் 'டங்' என்று ஒரு சாவியைப் போட்டது. பார்த்தால் வேலு.

"ஸ்கூல் வேன்" என்றான். "பகல் வேலை. ஓனரு இன்னைக்குத்தான் சாவி குடுத்தாரு. மாத்திரை பாதிக்கு வந்துக்கிது. இத்தப் போட்டுக்கினு காலைல பசங்கள ஏத்திக்கினு போலாமா? நீயே சொல்லு."

அவன் வந்து நின்றதில் எனக்கு வந்த சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"டாக்டரக் கேட்டியா?"

"இல்ல. மொதல்ல உன்னாண்ட வந்தேன்."

"ராத்திரி தூக்கம் வரலன்னா இன்னா பண்ணுவ?"

"சும்மா படுத்துனு இருப்பேன். இன்னொண்ணு போட மாட்டேன். டப்பா செல்வியாண்ட கீது."

அவன் எதிரிலேயே டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். மாத்திரை முழுவதும் நின்று, சில நாள் நன்றாகத் தூங்கிப் பார்த்த பிறகு வேன் ஓட்டட்டும், அதுவரை வேண்டாம் என்றார். அதை வேலுவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு முறை அவன் வேலையைப் போக்கினவள் நான். இப்போது கையில் வந்த வேலையையும் தள்ளிப் போடு என்று நானே சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவன் தட்டில் கிடந்த சாவியைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "மறுபடியும் என் சாவிதானா ஒனக்குக் கெடச்சிது?" என்றான். சாவியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போய் வேன் ஓனருக்குப் போன் செய்தான். இந்த முறை யாரும் அவனைப் பேச வைக்கவில்லை. திரும்பி வந்து, "தசரா லீவு முடிஞ்சி வான்னுட்டாரு. அதுக்குள்ள மாத்திரை நின்னுடுமில்ல?" என்றான்.

"நிக்கும்" என்றேன். நின்றது.

ஆட்டோ ஸ்டாண்டில் அவன் இதைச் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. ஒரு நாள் ஒரு ஆட்டோக்காரர் தூக்க மாத்திரைச் சீட்டோடு வந்து, "சாவி வெச்சிட்டேன், கேளுங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே தட்டில் போட்டார். பிறகு இன்னொருவர். கேலியாக ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறவன் காதில் எதுவும் ஏறாது. அவன் பாதி வெளியே போய்விட்டவன். சாவி தட்டில் இருக்கிற வரைக்கும்தான் அவன் நம்மிடம் முழுசாக இருக்கிறான். அந்த இரண்டு நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அடுத்து ஸ்டியரிங்கைத் தொடப் போவது எப்போது, தூக்கம் வராவிட்டால் என்ன செய்வீர்கள், கூடவே வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், குடிக்கிறீர்கள். ரோடு பெருக்க விடிவதற்கு முன்னால் கிளம்புகிற அம்மாவிடமும், பாத்ரூமுக்கு எழுந்து போகிற பெரியவரிடமும் இதே கேள்விகள்தான், அவர்கள் வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் சாவி.

தட்டைக் கழுவின பெண்ணே, கழுவினது நல்லதுதான். வெளியே எடுத்து வை.

நான் கடையிலிருந்து விடைபெற்ற நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மாலை, கேக், முதலாளியின் பேச்சு எல்லாம் இருந்தது. அது முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றது. வேலு இறங்கி வந்து கவுண்டரில் கையை ஊன்றினான். நான் பழக்க தோஷத்தில் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"சாவி எங்க?"

"பையில கீது. அது இன்னாத்துக்குக்கா? இருமல் மிட்டாய் வாங்க வந்தேன். பசங்க தொண்ட கிழியக் கத்துதுங்க, நானும் கூடக் கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு" என்றான்.

வெளியே வேனுக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.